டைல்ஸ் போட்ட குடிசை

போன செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது போன் வந்தது.

"மேடம், ஒரு குட் நியூஸ்!"

விக்னேஷ். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊருக்கு நல்லது செய்யச் செலவழிக்க வேண்டும் அல்லவா? சி.எஸ்.ஆர். என்பார்கள். அந்தப் பிரிவில் திருவண்ணாமலை மாவட்டம் அவன் பொறுப்பு. நல்ல பையன். போனில் பேசும்போதே சிரிக்கிறான் என்று தெரியும்.

"நம்ம அம்சா எலிஜிபிள் ஆயிட்டாங்க மேடம். இந்த ரவுண்டுல அவங்களுக்கு வீடு கிடைக்க சான்ஸ் ரொம்ப ஜாஸ்தி!"

மூன்றாவது விசில் வந்தது. நாலாவது வந்தது. நான் அடுப்பை அணைக்கப் போகவே இல்லை. அன்றைக்குப் பருப்பு களியாகிப் போனது.

வீடு கிடைக்கப் போகிறது, நல்ல செய்திதானே... இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் போகிறேன். ஏதாவது சிரிக்க வைப்பேன் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் என்னிடம் அந்தச் சரக்கு இல்லை.

அம்சா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நிம்மதியாக இருக்கலாம் என்று இங்கே வந்தேன். எதிர் வீடு ஒரு கெஸ்ட் ஹவுஸ். வெள்ளைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வந்து தங்கி, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்குகிற வேலை அம்சாவுக்கு. நாற்பது வயதிருக்கும். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். அங்கிருந்து தினமும் பஸ்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. "அம்மா, செத்த ஒரு கை புடிங்க" என்று என் கேட்டைத் தட்டுவாள். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. உதறி, இழுத்து, கிட்டே வந்து, மறுபடி விலகி... அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு ஒரு டீ. டீயோடு கொஞ்சம் ஊர்க்கதை.

அவள் வீட்டுக்காரர் ஏழுமலை. கொத்தனார். இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதி கெஸ்ட் ஹவுஸுக்குத் தரை போட்டவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் காலெல்லாம் வீங்கியது. வெயிலில் நிற்பதால் என்று நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், புதனும் சனியும், திருவண்ணாமலைக்கு வந்து டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும் மிஷின். செலவு இல்லை, அரசாங்கக் காப்பீடு. பிரச்சினை செலவு இல்லை. பிரச்சினை, வந்து சேர்வது.

இந்த ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மலையைச் சுற்றிவர லட்சம் ஜனம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டில் நின்றுவிடும். அங்கிருந்து நடை. ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க முடிந்தால் ஆட்டோ, அதுவும் கொஞ்ச தூரம்தான். பௌர்ணமி புதன்கிழமையோ சனிக்கிழமையோ வந்து தொலைத்தால் ஏழுமலைக்கும் நடை.

"எல்லாரும் புண்ணியத்துக்கு நடக்கறாங்கம்மா. நாங்க ஊசி குத்திக்க நடக்கறோம்" என்பாள் அம்சா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அதிலும் ஒரு கொடுமை கேளுங்கள். கிட்னி போனவருக்குத் தண்ணீர் அளந்துதான். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று கணக்கு. நடக்கிற வழியெல்லாம் யார் யாரோ பந்தல் போட்டு நீர்மோர், பானகம், தண்ணீர் பாக்கெட். நாக்கு வறண்டு நடக்கிற மனுஷன் கையில் திணிக்கிறார்கள். குடிங்க சாமி, குடிங்க சாமி! "வேணாம்னா கோச்சிக்கிறாங்கம்மா. பாக்கெட்ட வாங்கி மடியில வெச்சிக்கினு நடப்பாரு. ஒருநாளு ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தா மடியில ஒம்போது பாக்கெட்டு."

நம் ஊரில் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பௌர்ணமி அன்று ஒரு தொன்னை சாம்பார் சாதம் வாங்காமல் கிரிவலப் பாதையைக் கடந்து காட்டுங்கள் பார்க்கலாம்! கூட்டம் இருக்கிற இடத்தில் பேனர் கட்டலாம். பேனர் கட்டுகிற இடத்தில் கொடுக்கலாம். தேவை என்று ஒன்று பேனர் இல்லாத சந்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விக்னேஷின் கம்பெனி ஒரு நல்ல காரியம் ஆரம்பித்தது. கிண்டல் இல்லை, நிஜமாகவே நல்ல காரியம். இரண்டு திட்டங்கள். ஒன்று, குடிசையில் இருப்பவர்களுக்கு வேங்கிக்கால் தாண்டி ஒரு மனையில் சின்னச் சின்ன வீடுகள். இன்னொன்று, கிட்னி நோயாளிகளுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ். மிஷின் வேண்டாம். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். பையில் வரும் மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். பழகிவிட்டால் பெண்டாட்டியே செய்துவிடலாம். பைகளைக் கம்பெனி கொடுக்கும். பஸ் வேண்டாம், நடை வேண்டாம், பௌர்ணமி எந்தக் கிழமையில் வந்தால் என்ன?

திட்டத்துக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் வந்தார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். கூடவே அம்சா பெயரையும் கொடுத்தேன், இரண்டு திட்டத்துக்கும்.

அம்சாவுக்கு அரசாங்க வீடு ஏன் கிடைக்கவில்லை என்றால், இருக்கிற இடத்தின் பட்டா மாமனார் பெயரில். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். பங்காளிகள் ஆறு பேர், ஆறு பேரும் ஆறு திசை. அதனால் இந்தக் கம்பெனி வீடு என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புரட்டாசியில் ஒருநாள் விக்னேஷ் சொன்னான். "மேடம், டைம் சேவ் பண்ண ரெண்டு டீமையும் ஒரே ஜீப்ல அனுப்பறோம். வியாழக்கிழமை."

அன்று விரிப்பு மடிக்கும்போது அம்சாவிடம் சொன்னேன். அவள் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"வீடு குடுக்கறவங்களும் வராங்க, மருந்து குடுக்கறவங்களும் வராங்களாம்மா?"

"ஆமாம்."

"அப்ப வீட்ட நல்லா கூட்டி வெக்கணுமா, அப்டியே வுட்டுடணுமா?"

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கேள்வி பாருங்கள். எனக்கு அன்று அது உறைக்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வேன். கேட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"என்ன கேள்வி இது? வீட்டுக்கு நாலு பேர் வரும்போது கூட்டாமல் போட்டு வைப்பாங்களா? சுத்தமாக வை. நல்ல அபிப்பிராயம் வரணும். மானமரியாதையோட இருக்கிற குடும்பம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை நானும் அந்த ஜீப்பில் போனேன். என்னவோ சம்பந்தி வீட்டுக்குப் போவது போல் பட்டுப் பார்டர் வைத்த புடவை வேறு.

இறங்கியதும் நானே அசந்துவிட்டேன். மண்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் கோலம். பக்கத்து வீட்டிலிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கடுத்த வீட்டிலிருந்து டேபிள் ஃபேன், எங்கிருந்தோ ஒரு டீப்பாய். டீப்பாய் மேல் தட்டு. தட்டில் கலர் சோடா ஊற்றிய கண்ணாடி டம்ளர்கள். கூரை பழைய சிமெண்ட் ஷீட், நாலு இடத்தில் விரிசல், இரண்டு இடத்தில் ஓட்டை. அது கண்ணில் படாமல், தூசி விழாமல், கெஸ்ட் ஹவுஸில் கழித்துப் போட்ட வெள்ளை விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள். அண்ணாந்து பார்த்தால் ஹோட்டல் ரூம்!

அப்புறம் அந்தத் தரை.

அந்தத் தரையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போன இடங்களில் உடைந்து குப்பையில் கிடந்த டைல்ஸ் துண்டுகளைப் பதினைந்து வருடமாகச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒன்றொன்றாகப் பதித்திருக்கிறார் ஏழுமலை. ஒன்றில் பூ, ஒன்றில் கோடு, ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இல்லை. ஆனால் விரலால் தடவிப் பார்த்தால் ஒரு மேடுபள்ளம் கிடையாது. "இது உங்க எதிர்வூட்டு கெஸ்ட் ஹவுஸ் துண்டும்மா" என்று ஒன்றைக் காட்டினார். கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் கட்டைவிரலால் காட்டினார். குனிய முடியாது, மூச்சு வாங்கும்.

வீட்டுத் திட்டத்துக்கு வந்த பெண் கீர்த்தனா. கையில் டேப்லெட். அதில் கேள்விகள். பதிலைத் தொட்டால் அடுத்த கேள்வி வரும்.

"தரை என்னங்க? மண்ணா, சிமெண்டா, டைல்ஸா?"

"டைல்ஸுங்க" என்றார் ஏழுமலை. எவ்வளவு பெருமை அந்த முகத்தில்!

கீர்த்தனா தொட்டாள். "உட்கூரை... சீலிங் இருக்குது. ஃபர்னிச்சர் இருக்குது. மழைக்கு ஒழுகுமாங்க?"

அம்சா கலர் டம்ளரை நீட்டியபடி சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் குறையில்லீங்க. ஏதோ இருக்கறத வெச்சி நல்லா இருக்கறோம். நீங்க மொதல்ல குடிங்க."

வீட்டுக்கு வந்தவர்களிடம் நம் ஜனம் வேறு எப்படிப் பேசும்? வந்தவுடன் ஒழுகுது, நாறுது, சோத்துக்கு இல்லை என்று ஒப்பாரி வைப்பார்களா? எனக்குத் திடுக்கென்றது. "ஒழுகும்மா, நல்லா ஒழுகும். மேலே பாருங்க" என்றேன். கீர்த்தனா மேலே பார்த்தாள். வெள்ளை விரிப்பு. போட்டோ எடுத்தாள். வெள்ளை விரிப்பு.

"போட்டோல தெரியற மாதிரி இருக்கணும் மேடம். இல்லேன்னா ஆப் எடுத்துக்காது" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

அடுத்து, மருந்துத் திட்டத்துக்கு வந்த நர்ஸ். ஜெயந்தி சிஸ்டர். அனுபவசாலி. தரையைப் பார்த்து, "சூப்பரா இருக்கே! துடைக்க ஈஸி" என்றார். கை கழுவுகிற இடம் பார்த்தார். பிறகு அண்ணாந்து விரிப்பைப் பார்த்தார். கட்டிலின் மேல் ஏறி, ஒரு மூலை முடிச்சை அவிழ்த்தார். உள்ளேயிருந்து காய்ந்த எலிப்புழுக்கை, ஷீட் தூள், பழைய ஓலைச் சருகு, எல்லாம் கட்டில் மேல் கொட்டின. ஓட்டை வழியாக வெயில் ஒரு எட்டணா அளவுக்கு ஏழுமலை தோளில் விழுந்தது.

சிஸ்டர் இறங்கினார். அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதம்மா. வயித்துக்குள்ள நேரா போற குழாய். இதுல ஒரு தூசி விழுந்தா ஆளுக்கே ஆபத்து. காங்கிரீட் கூரை இருக்கற ரூம் ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், நாளைக்கே ஆரம்பிச்சிடுவேன்."

"அந்த வீடு குடுத்தீங்கன்னா அதுல இருக்குமேங்க" என்றாள் அம்சா, கீர்த்தனாவைக் காட்டி.

சிஸ்டர் கீர்த்தனாவைப் பார்த்தார். கீர்த்தனா டேப்லெட்டைப் பார்த்தாள். கேள்விகள் முடிந்து, பச்சை நிறத்தில் 'நன்றி' என்று வந்திருந்தது.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. வீட்டுத் திட்டம்: நிராகரிப்பு. வீடு ஓரளவு நல்ல நிலையில் உள்ளது. மருந்துத் திட்டம்: நிராகரிப்பு. வீடு தகுந்த நிலையில் இல்லை.

ஒரே கம்பெனி. ஒரே ஜீப். ஒரே வீடு.

நான் சும்மா விடவில்லை. சண்டை போட்டேன். விக்னேஷுக்குப் பக்கம் பக்கமாக மெயில் எழுதினேன். அவன் மறைக்காமல் பேசினான். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஹவுசிங் ஸ்கோரிங் வேற ஏஜென்சி, ஹெல்த் வேற ஏஜென்சி. யாரும் தனக்கு வேண்டியவங்களுக்குக் குடுத்துடக் கூடாதுன்னுதான் ஆப்ல போட்டிருக்காங்க. நான் நினைச்சாலும் ஒரு மார்க் மாத்த முடியாது. அடுத்த ரவுண்டுல பாக்கலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். பூசாரி என்றால் கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சலாம். ஆப்பிடம் எந்தக் காலைப் பிடிப்பது?

ஐப்பசியில் சாவி கொடுக்கும் விழா. வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபம். 'எல்லோருக்கும் ஒரு கூரை' என்று மேடை அகலத்துக்கு பேனர். நிர்வாக இயக்குநரின் சிரித்த முகம், பக்கத்தில் யாரோ குழந்தைகள். எனக்கு மேடையில் நாற்காலி. கையேடு எழுதியதற்கு. சால்வை போட்டார்கள், இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள்.

பேச வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அம்சாவின் கதையை, பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று. மைக்கைப் பிடித்தேன். வீடு கிடைத்த குடும்பங்கள் முன்வரிசையில் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தன. அவர்களும் ஏழைகள்தானே! அவர்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவதா... என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். "இந்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், கோழை நான்.

கீழே இறங்கி வந்தால் கடைசி வரிசையில் அம்சாவும் ஏழுமலையும்!

"நீங்க எங்க இங்க?"

"பேரு கூப்புடுவாங்கன்னு வந்தம்மா" என்றாள் அம்சா. "லிஸ்ட்ல இல்லன்னாங்க. ஆனா நீங்க மேடையில இருந்தீங்களா... கடைசில ஒருவேள கூப்புடுவாங்களோன்னு..."

நான் சால்வையைக் கழற்றிக் கைப்பையில் திணித்தேன்.

மண்டபத்துக்கு வெளியே மாதிரிக்கு ஒரு சுவரும் கதவும் கட்டி வைத்திருந்தார்கள். ஏழுமலை அதன் பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "நல்ல வேலைதான்ம்மா. ஏமாத்தல" என்றார். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாத்ரூமுக்கு வாட்டம் கம்மியா குடுத்திருக்காங்க. தண்ணி நிக்கும். யாராச்சும் சொன்னா தேவல" என்றார். வரிசையாக எல்லாருக்கும் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை அவர் சாப்பிடவில்லை, உப்பு ஆகாது.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார். "அந்த பேனரு... விழா முடிஞ்சிட்டா கழட்டிதான போடுவாங்க? கேட்டு வாங்கித் தரீங்களா? ஷீட்டு மேல போட்டா இந்த மழைக்குத் தாங்கும்."

விக்னேஷிடம் கேட்டேன். உடனே ஆள் விட்டுக் கழற்றி, மடித்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான். என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். "மேடம், லோகோ வெளிய தெரியாம திருப்பிப் போடச் சொல்லுங்க. யாராவது போட்டோ எடுத்துட்டா பிரச்சினை."

அவ்வளவு பெரிய கம்பெனியிடமிருந்து, அத்தனை ஃபாரம் நிரப்பி, அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அந்த பேனர் ஒன்றுதான்.

அப்புறம் கார்த்திகை வந்தது. தீபம்.

சாதாரணப் பௌர்ணமிக்கே அந்தக் கதி என்றால் தீபத்துக்குக் கேட்க வேண்டுமா? முதல் நாளிலிருந்தே பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே. மழை வேறு. டயாலிசிஸ் நாளும் அன்றைக்கே. கிளம்பியிருக்கிறார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும் ஏழுமலை ஒரு கடை ஓரம் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு வேணாம் அம்சா. கால் வரல. அடுத்த மொறைக்குப் பாத்துக்கலாம்" என்றாராம். எதிர்ப் பந்தலிலிருந்து ஒருவர் ஓடிவந்து சுக்குக் காபி கொடுத்தாராம். இருவரும் வந்த வழியே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த முறை வரவில்லை. நடுவில் ஒருநாள் விடியற்காலையில் மூச்சு விட முடியாமல் திணறியிருக்கிறார். உடம்பில் சேர்ந்த தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். 108 சீக்கிரமே வந்தது, குறை சொல்ல முடியாது. அவர் அதற்கும் முன்னால் போய்விட்டார்.

நான் போனபோது அவரை அந்தத் தரையில் கிடத்தியிருந்தார்கள். பூ, கோடு, கறுப்பு, நீலம். விரிப்பை அவிழ்த்திருந்தார்கள். மேலே ஷீட்டின் ஓட்டை வழியாக, திருப்பிப் போட்ட பேனரில் நிர்வாக இயக்குநரின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் நிஜமாகவே அழுதேன்.

நான் மட்டும் அன்றைக்கு, "கூட்டாதே அம்சா, விரிப்புக் கட்டாதே, தரை மேல் மண்ணைக் கொட்டி வை, வருகிறவர்களிடம் கதறி அழு" என்று சொல்லியிருந்தால்? வீடு கிடைத்திருக்கும். வீடு கிடைத்திருந்தால் பை கிடைத்திருக்கும். பை கிடைத்திருந்தால்... விடுங்கள். தினமும் பதினொரு மணிக்கு டீ போடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வருகிறது.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். குக்கர், விசில், குட் நியூஸ்.

"எப்படிப்பா திடீர்னு எலிஜிபிள் ஆனாள்?" என்று கேட்டேன்.

"ஃபீல்டுல இருந்து அப்டேட் வந்துச்சு மேடம். கணவர் இறந்துட்டாராமே, சாரி மேடம். சிங்கிள் வுமன் ஹெட்டட் ஃபேமிலின்னா பத்து மார்க் எக்ஸ்ட்ரா. அதுல கட் ஆஃப் தாண்டிட்டாங்க. ஒரு ஃபார்மாலிட்டிக்கு அடுத்த வாரம் திரும்ப வந்து வீட்டைப் பாப்பாங்க, அவ்ளோதான்."

பத்து மார்க்! ஒரு ஆள் உயிரோடு இருந்ததற்குப் பத்து மார்க் குறைத்திருக்கிறார்கள். நான் கத்தவில்லை. அந்தப் பையன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவனாவது அம்சாவின் பெயரை மறக்காமல் வைத்திருந்தான். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போவதுதான் இதில் பெரிய கொடுமை. கெட்டவன் ஒருத்தன் கிடைத்தால் அவனைத் திட்டியாவது இந்தப் பத்தியை முடித்திருப்பேன்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்து அம்சா வேலைக்கு வந்துவிட்டாள். கொடியிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு முனையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். உதறினோம். மடித்தபடியே விக்னேஷ் சொன்னதைச் சொன்னேன். பத்து மார்க் விவரத்தையும் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கிட்டே வந்து என் கையிலிருந்த முனையை வாங்கி, விரிப்பை நாலாக மடித்து, கைவிரலால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, நிஜமாகவே என் யோசனையை எதிர்பார்த்துக் கேட்டாள்.

"இந்தவாட்டி வீட்ட கூட்டட்டுமாம்மா, வேணாமா?"

திங்கட்கிழமை ஜீப் வருகிறது. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.